பெட்டியில் ‘5ஜி’ இருக்கிறது, போனில் ஏன் வரவில்லை?

கேள்வி: ஒன்பதாயிரம் ரூபாய்க்குள் ஒரு 5ஜி போன் வாங்கினேன். ஒரு சிம்மில் 5ஜி குறியே வரவில்லை. இன்னொரு சிம்மில் குறி வருகிறது, ஆனால் வீட்டுக்குள் வேகம் 4ஜி அளவுக்குக்கூட இல்லை. கோளாறு போனிலா, நெட்வொர்க்கிலா? அடுத்த போன் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: எதிலும் கோளாறு இல்லாமலேயே இப்படி நடக்கும். இந்தியாவில் 5ஜி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு அமைப்புகள் ஓடுகின்றன. போன் கம்பெனிகளோ, விலையைக் குறைக்கும் போட்டியில், எதை வெட்டினால் கடையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாதோ அதைத்தான் முதலில் வெட்டுகின்றன. கேமராவில் 50 மெகாபிக்சல் என்று போடாவிட்டால் போன் விற்காது. போனை டவரோடு பேசவைக்கும் மோடத்தில் பாதி வசதி இல்லாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் போனைத் தேர்ந்தெடுத்துவிட்டு சிம்மைப் போடுவது தலைகீழ் வேலை. உங்கள் வீட்டில் எந்த நெட்வொர்க் எந்த அலைவரிசையில் வருகிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்ற போனை வாங்க வேண்டும்.

இந்த இரட்டை அமைப்பு எப்படி வந்தது என்பதற்கு 2022 அலைக்கற்றை ஏலத்துக்குப் போக வேண்டும். ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 1 வரை நடந்த அந்த ஏலம் மொத்தம் 1,50,173 கோடி ரூபாய்க்குப் போனது. அதில் ஜியோவின் பங்கு 88,078 கோடி, ஏர்டெலின் பங்கு 43,084 கோடி. இருவருமே 3300 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் நாட்டின் 22 தொலைத்தொடர்பு வட்டங்களிலும் தலா 100 மெகாஹெர்ட்ஸ் வாங்கினார்கள். வித்தியாசம் 700 மெகாஹெர்ட்ஸில்தான். 2016இலும் 2021இலும் விலை அதிகம் என்று யாரும் தொடாமல் விட்ட அந்த அலைவரிசையை, 22 வட்டங்களிலும் தலா 10 மெகாஹெர்ட்ஸ் ஜோடியாக (அனுப்ப 10, பெற 10) ஜியோ மட்டும் எடுத்தது. ஏர்டெல் எடுக்கவில்லை. இன்றைக்கு உங்கள் போனில் தெரிவதும் தெரியாததும் பெரும்பாலும் அந்த ஒரு முடிவின் விளைவு.

700 கையில் இருந்ததால் ஜியோ தனித்து இயங்கும் 5ஜியைப் போட்டது. எஸ்.ஏ. என்று குறிப்பிடுவது இதைத்தான். போன் நேராக 5ஜி டவரோடு பேசும், பின்னால் இருக்கும் மைய அமைப்பும் 5ஜிக்கென்றே போட்டது. ஏர்டெல் 4ஜியைச் சார்ந்து இயங்கும் என்.எஸ்.ஏ. முறையை எடுத்தது. இதில் போன் முதலில் 4ஜி டவரில் பதிவாகும், கட்டுப்பாட்டுச் செய்திகள் எல்லாம் அதன் வழியாகவே போகும். டேட்டா அதிகம் தேவைப்படும்போது 5ஜி அலைவரிசை கூடுதலாகச் சேர்க்கப்படும். ஏற்கெனவே இருந்த 4ஜி மைய அமைப்பே போதும் என்பதால் செலவும் குறைவு. அன்றைக்கு மக்கள் கையில் இருந்த போன்களில் அதிகமானவற்றில் ஓடும் என்பதும் அவர்கள் சொன்ன காரணம். அப்போது அது நியாயமான கணக்குதான். பின்னாளில் வீட்டு இணையச் சேவைக்கு ஏர்டெலும் எஸ்.ஏ.வைப் போடத் தொடங்கிவிட்டது.

இனி உங்கள் போனுக்கு வருவோம். 2024 ஜூலையில் குவால்காம், மலிவு போன்களுக்கென்று ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 என்ற சிப்பை அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்தச் சிப்புடன் ரெட்மி ஏ4 5ஜி 8,499 ரூபாய்க்கு வந்தது. விலைக்கு நல்ல போன்தான். ஆனால் அந்தச் சிப் எஸ்.ஏ. 5ஜியை மட்டுமே ஆதரிக்கும். ஆகவே ஜியோ சிம்மில் 5ஜி வரும், ஏர்டெலின் என்.எஸ்.ஏ. 5ஜி வராது, 4ஜியோடு நின்றுவிடும். எந்த மென்பொருள் அப்டேட்டும் இதைச் சரிசெய்யாது. நீங்கள் வாங்கியது இதே சிப் உள்ள போன் என்றால் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. சிப்பின் பெயர் ‘செட்டிங்ஸ் > அபவுட் போன்’ பகுதியில் இருக்கும். ‘4 ஜென் 2’ என்றும் ‘4எஸ் ஜென் 2’ என்றும் ஓர் எழுத்து வித்தியாசத்தில் இரண்டு சிப்கள் உண்டு, முதலாவதில் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது கேள்வி, குறி வந்தும் வேகம் இல்லாதது. இது எந்த நெட்வொர்க் என்பதைப் பொறுத்து வேறு வேறு காரணம்.

எஸ்.ஏ. நெட்வொர்க் என்றால், வீட்டுக்குள் உங்கள் போன் 700 மெகாஹெர்ட்ஸில், அதாவது என்28 பேண்டில், உட்கார்ந்திருக்கலாம். ஒரே மாதிரி ஆன்டெனாவை வைத்துக் கணக்கிட்டால், 3300 பகுதியில் வரும் 3500 மெகாஹெர்ட்ஸ் அலை அதே தூரத்தில் 700ஐவிட 14 டெசிபெல் குறைவாக வந்து சேரும். திறனில் அது ஏறக்குறைய 25இல் ஒரு பங்கு. அதற்கு மேல் கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, கூலிங் ஒட்டிய கண்ணாடி எல்லாம் உயர் அலைவரிசையைத்தான் அதிகம் தின்னும். டவரில் 64 அனுப்பி-வாங்கிகள் கொண்ட பெரிய ஆன்டெனா அந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டும், முழுதாக அல்ல. எனவே உள் அறைக்குள் போனதும் போன் என்78ஐ, அதாவது அந்த 3300 பகுதியை, விட்டுவிட்டு என்28க்கு இறங்கும். அங்கே இருப்பதோ 10 மெகாஹெர்ட்ஸ் மட்டும். இரண்டு ஆன்டெனா வைத்து, டவரில் வேறு யாரும் இல்லாதபோதுகூட நொடிக்குச் சுமார் 100 மெகாபிட்தான் அதன் உச்சம். அதை ஊரில் பாதிப் பேர் பங்குபோட்டால் 10, 15 என்று வரும். பக்கத்தில் 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜி காலியாக இருந்தால் அது இதைவிட வேகமாகவே ஓடும். 5ஜி என்ற பெயரில் தனி வேகம் எதுவும் கிடையாது. வேகம் மெகாஹெர்ட்ஸ் அகலத்திலும், எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது.

இதற்கு ஒரு மருந்து உண்டு. என்28ஐயும் என்78ஐயும் ஒரே நேரத்தில் சேர்த்துப் பிடிப்பது, கேரியர் அக்ரிகேஷன் என்பார்கள். எட்டும் தூரம் அதிகமான என்28 இணைப்பைப் பிடித்துக்கொள்ளும், கிடைக்கிற அளவுக்கு என்78 வேகத்தைக் கூட்டும். டவர் தயாராக இருந்தாலும் போனின் மோடத்தில் இந்தக் குறிப்பிட்ட சேர்க்கை இருந்தால்தான் நடக்கும். பேண்டுகளின் பட்டியலை வெளியிடும் கம்பெனிகள்கூட எந்தெந்த பேண்டுகள் சேர்ந்து இயங்கும் என்று பெரும்பாலும் எழுதுவதில்லை. ஏழாயிரம், எட்டாயிரம் ரூபாய் போனையும் இருபத்தைந்தாயிரம் ரூபாய் போனையும் ஒரே மேசையில் வைத்துச் சோதித்தால் வேகம் இரண்டு மூன்று மடங்கு மாறுவதற்கு இதுவும், ஆன்டெனாக்களின் எண்ணிக்கையும்தான் முக்கியக் காரணம்.

என்.எஸ்.ஏ. நெட்வொர்க்கில் கதை வேறு. அங்கே குறியையே நம்ப முடியாது. ‘இந்தப் பகுதியில் 5ஜி உண்டு’ என்று 4ஜி டவர் ஒரு செய்தி ஒலிபரப்பும். அதைக் கேட்டதுமே 5ஜி குறியைக் காட்டிவிடும்படி பல போன்கள் அமைக்கப்பட்டிருக்கும். உண்மையில் 5ஜி அலைவரிசை சேர்ந்திருக்காது, போன் 4ஜியில்தான் இருக்கும். மொட்டை மாடியில் 400 மெகாபிட், படுக்கையறையில் 12, இரண்டு இடத்திலும் அதே குறி என்றால் இதுதான் நடக்கிறது.

நீங்களே பார்த்துவிடலாம். ஆண்ட்ராய்டில் டயலரைத் திறந்து *#*#4636#*#* அடித்தால் போன் தகவல் பக்கம் வரும். சில கம்பெனிகள் இதை மூடி வைத்திருக்கின்றன, அப்போது பிளே ஸ்டோரில் கிடைக்கும் நெட்வொர்க் அளவீட்டுச் செயலி ஏதாவது ஒன்றைப் போடுங்கள். ஐபோனில் *3001#12345#* அடித்து அழைத்தால் ஃபீல்ட் டெஸ்ட் பக்கம். பார்க்கும் முன் ஒரு பெரிய வீடியோவை ஓடவிடுங்கள். டேட்டா ஓடாதபோது என்.எஸ்.ஏ. நெட்வொர்க் 5ஜியைக் கழற்றிவிடும், வெறுமனே பார்த்தால் தப்பான முடிவுக்கு வருவீர்கள். ‘என்ஆர்’ (5ஜியின் தொழில்நுட்பப் பெயர்) என்ற வரியும் அதற்கு நேராக சிக்னல் அளவும் இருந்தால் உண்மையிலேயே 5ஜி. அந்த ஆர்.எஸ்.ஆர்.பி. எண் மைனஸ் 80 டிபிஎம் அருகில் இருந்தால் அருமை, மைனஸ் 100 சமாளிக்கும், மைனஸ் 110க்குக் கீழே போனால் பெயருக்குத்தான். சிக்னல் நன்றாக இருந்தும் வேகம் இல்லையா? பக்கத்திலேயே எஸ்.ஐ.என்.ஆர். என்ற எண்ணைப் பாருங்கள், இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு ஓங்கி இருக்கிறது என்று அது சொல்லும். 15க்கு மேல் என்றால் காற்று சுத்தம், தாமதம் டவரின் நெரிசலில். பூஜ்யத்துக்கு அருகில் என்றால் பக்கத்து டவர்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

அதே இடத்தில், காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் ஒவ்வொரு முறை வேகச் சோதனை செய்து பாருங்கள். காலையில் 200, இரவில் 20 என்றால் போன்மீது பழி போட வேண்டாம். 2023இல் ஏர்டெலும் ஜியோவும் ஏர்ஃபைபர் என்று வீட்டு இணையத்தை 5ஜி வழியாகவே கொடுக்க ஆரம்பித்தார்கள். ஜியோ செப்டம்பர் 19 அன்று தொடங்கிய எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. ஒரு வீட்டின் டி.வி., லேப்டாப் எல்லாம் இழுக்கும் டேட்டா பல போன்களுக்குச் சமம், அந்தப் பாரத்தில் பெரும்பகுதி அதே டவரின் அதே அலைவரிசையில்தான் ஏறுகிறது. தவிர, ஃபைபர் போகாத டவர்கள் மைக்ரோவேவ் என்ற கம்பியில்லா இணைப்பில் நிற்கின்றன. மேலே என்ன 5ஜி வைத்தாலும் பின்னால் இருக்கும் குழாயின் அகலம்தான் எல்லை.

இந்தச் சோதனைகளின் நடுவே பலரும் செய்யும் ஒரு தவறு, அந்தப் பக்கத்திலோ தனிச் செயலி வைத்தோ ‘என்ஆர் ஒன்லி’ என்று மாற்றிவிடுவது. என்.எஸ்.ஏ. நெட்வொர்க்கில் 4ஜி இல்லாமல் 5ஜியே கிடையாது என்பதால் போன் மொத்தமாகச் சிக்னலை இழந்துவிடும். எஸ்.ஏ. நெட்வொர்க்கில் டேட்டா ஓடும். ஆனால் போனில் 5ஜி வழிக் குரல் அழைப்பு வசதி இல்லையென்றால் அழைப்பு வராது, போகாது. வீட்டில் பெரியவர்கள் வைத்திருக்கும் போனில் இதைச் செய்துவிட்டு மறந்துவிடாதீர்கள். தானாக மாறும் அமைப்பிலேயே, அழைப்பு வந்ததும் 5ஜி குறி 4ஜியாக மாறுவது இயல்பு. அழைப்பு முடிந்ததும் திரும்பிவிடும்.

பேட்டரி சீக்கிரம் தீர்வதற்கும் இதில் தொடர்பு உண்டு. டவர் 200 வாட் வரை அனுப்பலாம், போனின் வழக்கமான உச்சம் 200 மில்லிவாட். சிக்னல் ஓரத்தில் டவர் சொல்வது போனுக்குக் கேட்கும், போன் சொல்வது டவருக்குக் கேட்காது. அதனால் போன் முழுத் திறனில் கத்திக்கொண்டே இருக்கும், சூடாகும். என்78இல் அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில் நேரம் பிரித்துத்தான். அனுப்புவதற்குக் கிடைக்கும் பங்கு மிகவும் குறைவு. வீடியோ அழைப்பில் எதிரில் இருப்பவர் முகம் உங்களுக்குத் தெளிவாகவும், உங்கள் முகம் அவருக்குக் கட்டம் கட்டமாகவும் தெரிவது இதனால்தான். என்78 மைனஸ் 110க்குக் கீழே இருக்கும் அறையில் உட்கார்ந்து வேலை செய்பவர் 4ஜிக்கு மாற்றிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விமான நிலையத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். விமானங்களின் உயரமானி 4200 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இயங்குகிறது. அதற்கு இடையூறு வரக்கூடாது என்று 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்து 2.1 கிலோமீட்டர் வரையும் நடுக்கோட்டிலிருந்து 910 மீட்டர் வரையும் 3300 மெகாஹெர்ட்ஸ் பகுதி டவர்களை வைக்க வேண்டாம் என்று நிறுவனங்களுக்கு எழுதியது. 700க்கு அந்தச் சிக்கல் இல்லை.

அடுத்த போன் வாங்குவது பற்றி. பெட்டியைப் பார்க்காதீர்கள், கம்பெனியின் இந்திய இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தில் கடைசியில் இருக்கும் நெட்வொர்க் வரிகளைப் படியுங்கள். எஸ்.ஏ., என்.எஸ்.ஏ. இரண்டும் எழுதியிருக்க வேண்டும். பேண்டுகளில் என்28, என்78 இரண்டும் கட்டாயம். என்1, என்3, என்8, என்40 ஆகியவையும் இருந்தால் நல்லது. 4ஜிக்கு ஓடும் அலைவரிசைகளை நிறுவனங்கள் படிப்படியாக 5ஜிக்கு மாற்றும்போது அவை பயன்படும். பதினோரு பேண்டு, பதின்மூன்று பேண்டு என்று விளம்பரத்தில் வரும் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை, எவை என்பதுதான் கேள்வி. 26 கிகாஹெர்ட்ஸான என்258 இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஜியோ அதில் வட்டத்துக்கு 1000 மெகாஹெர்ட்ஸ் வைத்திருந்தாலும் இங்கே விற்கும் போன்களில் அதைக் காண்பது அபூர்வம். இரண்டு சிம் போடுபவர், இரண்டிலும் 5ஜி ஓடுமா, டேட்டாவுக்கு வைத்த சிம்மில் மட்டும்தானா என்றும் பார்த்துக்கொள்ளவும்.

சிப்பின் புதுப்பெயரில் மயங்க வேண்டாம். மீடியாடெக்கின் டைமன்சிட்டி 6020 என்பது பழைய டைமன்சிட்டி 700 தான், 6080 என்பது 810 தான். பேரை மாற்றினால் போன் புதிதாகத் தெரியும், கடையில் அது போதும். டைமன்சிட்டி 6300இல் கணக்குப் போடும் பகுதிகளான இரண்டு ஏ76, ஆறு ஏ55 கோர்கள்தான் 4ஜி சிப்பான ஹீலியோ ஜி99இலும் இருக்கின்றன, கடிகார வேகம் கொஞ்சம் கூடக் குறைய. அதாவது அந்த விலையில் நீங்கள் 5ஜிக்குக் கொடுக்கும் பணம், அமோலெட் திரையிலிருந்தோ வேகமான சார்ஜிங்கிலிருந்தோ கழிக்கப்படுகிறது. வீட்டில் ஃபைபர், அலுவலகத்தில் வைஃபை, வெளியே வாட்ஸ்அப் மட்டும் என்று இருப்பவருக்குப் பத்தாயிரத்துக்குள் நல்ல திரையுள்ள 4ஜி போனே மேல் என்பது என் கருத்து. போனை நான்கு வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

சந்தை ஏன் இப்படி இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை. 2017 இறுதியில் ஷாவ்மி சாம்சங்கை முந்தியது குறைந்த விலையில் அதிக ரேம், பெரிய பேட்டரி என்ற சூத்திரத்தால். பிறகு ஆன்லைனில் விட்டதைத் தெருமுனைக் கடைகளில் பிடித்து 2024இல் விவோ முதலிடத்துக்கு வந்தது. இரண்டு வழியிலும் ஜெயிப்பது கண்ணுக்குத் தெரியும் எண்கள்தான். 2020 ஏப்ரலில் ஜிஎஸ்டி 12இலிருந்து 18 சதவீதமாக ஏறியதும் அடிமட்ட விலையில் இருந்த கொஞ்சநஞ்ச இடத்தையும் குறைத்துவிட்டது. 5ஜி சேவை தொடங்கியது 2022 அக்டோபர் 1. ரியல்மி எக்ஸ்50 புரோ போன்றவை 5ஜி என்று விற்கப்பட்டது 2020 பிப்ரவரியிலிருந்து. இரண்டரை வருடம் இல்லாத நெட்வொர்க்குக்குப் பணம் கொடுத்திருக்கிறோம். தொடங்கிய பிறகும் பல போன்களில் அப்டேட் வரும்வரை 5ஜி பூட்டியே கிடந்தது. ஐபோனுக்கே டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வந்த பிறகுதான் எல்லோருக்கும் திறந்தது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் போன் என்றால் பேண்டைவிட முக்கியமாக இரண்டு விஷயம். அமெரிக்க ஐபோன்களில் 14ஆம் வரிசையிலிருந்து சிம் போடும் தட்டே இல்லை. 17ஆம் வரிசையில் அமீரகம், சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் நாடுகளின் போன்களும் அப்படியே. இ-சிம் மட்டும்தான். ஆண்ட்ராய்டு போன் என்றால், வன்பொருளில் பேண்டு இருந்தும் இந்திய நெட்வொர்க்குக்கான அமைப்புக் கோப்பு இல்லாமல் 5ஜியோ 4ஜி அழைப்போ வராமல் போகலாம்.

சிம்மை மாற்ற வேண்டியதில்லை, ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் 4ஜி சிம்மே 5ஜிக்குப் போதும். ‘உங்கள் சிம்மை 5ஜிக்கு மாற்றுகிறோம், ஓடிபி சொல்லுங்கள்’ என்று வரும் அழைப்பு திருட்டு அழைப்பு. ஆனால் ரீசார்ஜைப் பாருங்கள். 2024 ஜூலை கட்டண உயர்வோடு, வரம்பற்ற 5ஜி என்பது நாளுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள திட்டங்களுக்கு என்று சுருங்கியது. ஒன்றரை ஜிபி திட்டத்தில் இருந்துகொண்டு போனைக் குறை சொல்பவர்கள் ஏராளம்.

வோடஃபோன் ஐடியா 2025 மார்ச்சில் மும்பையில் 5ஜியைத் தொடங்கி நகரம் நகரமாக நகர்கிறது. பிஎஸ்என்எல் 2025 செப்டம்பரில்தான் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் தன் 4ஜியை நாடு முழுவதற்குமாகத் தொடங்கிவைத்தது. அந்தச் சிம் வைத்திருப்பவர் பார்க்க வேண்டியது 4ஜியின் பேண்ட் 28, போனில் அது இல்லையென்றால் 700 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் பிடிக்காது. 6ஜிக்காகக் காத்திருக்கலாமா என்று கேட்காதீர்கள். அதன் இலக்குகளை சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு. 2023இல் ஐ.எம்.டி.-2030 என்ற பெயரில் வகுத்தது, பெயரிலேயே வருடம் இருக்கிறது.

இப்போது கையில் இருக்கும் போனைத் தூக்கிப்போட வேண்டாம். 5ஜி பிடிக்கும் சிம்மை டேட்டாவுக்கும், மற்றதை அழைப்புக்கும் வையுங்கள். உள் அறையில் என்28 மட்டும்தான் என்று சோதனையில் தெரிந்தால் அந்த அறையில் 4ஜிக்கு மாற்றி ஒருமுறை வேகத்தைப் பாருங்கள். எது அதிகமோ அதில் விட்டுவிடலாம்.